கடைசி முக்கால் மணி நேரம்: மாதிரித் தேர்வு நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மையங்களின் பொறுப்பாளர்களுக்கும், மாதிரித் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும், அந்த அறைகளில் நிற்கும் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். மாதிரித் தேர்வு அறைகளில் நின்ற நேரமும் அதற்குக் குறையாது. பாடம் நடத்தும்போது பிள்ளைகள் நம்மைப் பார்க்கிறார்கள். தேர்வு அறையில்தான் நாம் அவர்களை நிதானமாகப் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்த்த ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று மணி நேரத் தேர்வென்றால், இரண்டு மணி நேரம் முடிந்து ஒரு கால் மணி போனதும் அறையின் முகமே மாறிவிடும். அதுவரை நேராக இருந்த முதுகுகள் வளையும். கை கன்னத்துக்குப் போகும். வினாத்தாளின் ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் மளமளவென்று வட்டங்களை நிரப்பிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். இன்னும் அரை மணி நேரம் இருக்கும். "ஒருமுறை திரும்பப் பாரேன்" என்றால், "பார்த்துட்டேன் சார்" என்று பதில் வரும். பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கத் தெம்பு இருக்காது.

என்னிடம் படித்த ஒரு மாணவி பாடத்தில் கெட்டி. வகுப்பில் எதைக் கேட்டாலும் யோசித்து, சரியாகச் சொல்லுவாள். மாதிரித் தேர்வில் மட்டும் மதிப்பெண் ஏறவே ஏறாது. "கவனக்குறைவு" என்று அவளுடைய பெற்றோரிடம் சொன்னேன். ஒருமுறை அல்ல, மூன்று நான்கு முறை சொல்லியிருப்பேன். பிறகு ஒருநாள் அவள் விடைத்தாளைப் பாடவாரியாகப் பார்க்காமல், அவள் விடை எழுதிய வரிசைப்படி நான்கு பங்காகப் பிரித்துப் பார்த்தேன். முதல் மூன்று பங்கிலும் தவறுகள் ஏறக்குறைய ஒரே அளவு. நான்காவது பங்கில் குவிந்து கிடந்தன. மறுநாள் காலையில் அந்தக் கடைசிப் பங்கில் தவறவிட்ட கேள்விகளை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். பாதிக்கு மேல் சரியாகப் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, "இது நேத்து ஏன் சார் எனக்குத் தெரியல?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த நேரத்தில் அதை எடுத்துப் பயன்படுத்தும் தெம்புதான் இல்லை. அந்தத் தெம்பை நாங்கள் அவளுக்குப் பழக்கவே இல்லை. அதுவரை அவள் எழுதியவற்றில் பெரும்பகுதி, பாடத்துக்கு ஒரு மணி நேரம் என்று நாங்கள் வைத்த சிறு தேர்வுகள். மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். நான் அவளிடம் கண்டது கவனக்குறைவு அல்ல, எங்கள் பயிற்சியில் இருந்த ஓட்டை. அந்தப் பெற்றோரிடம் போய் அதைச் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன்.

உண்மைத் தேர்வுகள் என்ன கேட்கின்றன என்று பாருங்கள். நீட் தேர்வில் 2025-இல் விருப்பக் கேள்விகளை எடுத்துவிட்டு 180 கேள்வி, 180 நிமிடம் என்று ஆக்கினார்கள். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் 200 நிமிடம் இருந்தது. தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிகிறது. ஒன்றரைக்கே வாசலை மூடிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் வரிசை, சோதனை, இடம் தேடி உட்காருதல், காத்திருப்பு. கையில் கடிகாரம் கட்டிப் போகவும் அனுமதியில்லை. மூன்று மணி நேரத் தேர்வு என்று நாம் சொல்கிறோம். உடம்புக்கு அது அரை நாளுக்கும் மேற்பட்ட வேலை. ஐஐடிகளில் சேர எழுதும் ஜேஇஇ அட்வான்ஸ்டில் காலை 9 முதல் 12 வரை ஒரு தாள், பிற்பகல் 2.30 முதல் 5.30 வரை இன்னொரு தாள். இரண்டாம் தாளை எழுதப்போகும் மூளை ஏற்கெனவே ஒரு தாளை எழுதிக் களைத்த மூளை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் மருத்துவக் கல்லூரியில் சேர எழுதும் எம்கேட் தேர்வு இன்னும் நீளம். நான்கு பகுதிகள், 230 கேள்விகள். பகுதிகளுக்கு 95, 90, 95, 95 நிமிடம். நடுவில் 10, 30, 10 நிமிட இடைவேளைகள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஏழரை மணி நேரம். சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட்டில் 35 நிமிடப் பகுதிகள் நான்கு. அதில் ஒன்று மதிப்பெண்ணில் சேராது, ஆனால் எது என்று சொல்லமாட்டார்கள். அதனால் எந்தப் பகுதியிலும் ஓய்வெடுக்க முடியாது. நேரத்தை மிச்சம் பிடிக்க மூன்று பகுதிகளை மட்டும் எழுதிப் பழகுகிறவர்கள், நான்காவது பகுதியை முதன்முதலாகத் தேர்வன்றுதான் சந்திக்கிறார்கள்.

சில தேர்வுகள் சுருங்கியும் விட்டன. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ 2023 செப்டம்பரில் மூன்றே முக்கால் மணி நேரத்திலிருந்து 1 மணி 58 நிமிடத்துக்கு வந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பில் சேர எழுதும் சாட், இன்று கணினியில், 2 மணி 14 நிமிடம்தான். "இதற்கெல்லாம் எதற்கு ஸ்டாமினா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்விகள் குறைந்தால் ஒவ்வொரு கேள்வியின் எடையும் கூடுகிறது. ஜிஆர்இயில் இடைவேளையே கிடையாது. சாட்டில் ஒவ்வொரு பாடமும் இரண்டு பாதி. முதல் பாதியில் எப்படி எழுதினோம் என்பதை வைத்துத்தான் இரண்டாம் பாதியின் கடினம் அமைகிறது. சூடு பிடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அங்கே முதல் பாதி போயே போய்விடும். நீளத் தேர்வுக்கு ஒரு விதமான தெம்பு வேண்டும், குறுகிய தேர்வுக்கு இன்னொரு விதம். இரண்டுமே பழகி வருவதுதான்.

சரி, இப்போது நம் அறைகளுக்கு வருவோம்.

மதியம் நடக்கும் தேர்வுக்கு நாம் காலையில் மாதிரித் தேர்வு வைக்கிறோம். காரணம் கேட்டால், அறை அப்போதுதான் காலி என்போம். தாமதமாக வரும் பிள்ளையைப் பாவம் என்று உள்ளே விடுகிறோம். நேரம் முடிந்ததும் "முடிக்காதவங்க இன்னும் பத்து நிமிஷம் எடுத்துக்கோங்க" என்கிறோம். அந்தப் பத்து நிமிடம் அன்பினால்தான் கொடுக்கிறோம், எனக்குத் தெரியும். நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை மனது கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. "கடைசியில் கொஞ்சம் கிடைக்கும்" என்று உள்ளே எங்கோ ஒரு நம்பிக்கை உட்கார்ந்துவிடுகிறது. தேர்வன்று அது கிடைக்காதபோது கைகால் உதறுகிறது. விடைக்கு வட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் தாளையும் இப்படித்தான் விட்டுவிடுகிறோம். வினாத்தாளிலேயே விடையைக் குறித்துவிட்டு, நேரம் முடிந்தபின் நிதானமாக வட்டம் நிரப்ப விடுகிறோம். உண்மைத் தேர்வில் அந்த நிரப்பும் வேலையும் அதே 180 நிமிடத்துக்குள்தான் நடந்தாக வேண்டும்.

ஒரு மையத்தில் கடைசி அரை மணி நேரத்தில் நிர்வாகி உள்ளே வந்து அடுத்த வாரக் கால அட்டவணையைச் சத்தமாக வாசித்தார். பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குறித்துக்கொண்டார்கள். அன்று நான் பேசாமல் நின்றேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இடைஞ்சலே இருக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. உண்மைத் தேர்வில் இருக்கும் இடைஞ்சல் இங்கேயும் இருக்கட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது வருகைத் தாளில் கையெழுத்துக் கேட்டு ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார்; அதைச் செய்து பழக்குங்கள். நாற்காலி இழுபடும் சத்தம், இருமல், நடக்கும் காலடி எல்லாம் இருக்கட்டும். கணினித் தேர்வென்றால் தாளில் அடிக்கோடிட்டுப் படித்துப் பழகிய பிள்ளைக்குத் திரையில் நீளமான பத்தியைப் படிக்கும் களைப்பு வேறு மாதிரி. அதைத் திரையில்தான் பழக்க முடியும். நம் சௌகரியத்துக்காக நாம் சேர்க்கும் இடைஞ்சல்களையும், இரக்கத்தினால் சேர்க்கும் சலுகைகளையும்தான் எடுத்துவிடச் சொல்கிறேன்.

வினாத்தாள் தயாரிக்கும் நண்பர்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். உண்மைத் தேர்வைவிடக் கடினமாகத் தாள் தயாரிப்பதில் நமக்கு ஒரு பெருமை இருக்கிறது. "எங்க தாளில் இத்தனை வாங்கினா, உண்மைத் தேர்வு தண்ணி பட்ட பாடு" என்று நாம் சொல்வதுண்டு. நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. உண்மைத் தாளில் எளிதான கேள்வி, நடுத்தரம், கடினம் எல்லாம் கலந்திருக்கும். எளிதானதை விரைவாக முடித்து, கடினமானதைத் தள்ளி வைத்து, திரும்பி வரும் அந்த நடைதான் மூன்று மணி நேரத்தைத் தாங்க வைக்கிறது. எல்லாமே மலையாக இருக்கும் தாளில் அந்த நடையைக் கற்க வழியே இல்லை. பிள்ளை கற்றுக்கொள்வதெல்லாம் பாதியிலேயே மனம் விட்டுப்போவதுதான். அதுவும் ஒரு பழக்கமாக ஊறிவிடும்.

தேர்வை நடத்தும் அமைப்பே வெளியிடும் முழுத் தாள்கள் இருக்கின்றன. நீட்டுக்கும் ஜேஇஇக்கும் முந்தைய ஆண்டுத் தாள்கள், சாட்டுக்கு புளூபுக் செயலியில் உள்ள முழுநீளத் தேர்வுகள், எம்கேட்டுக்கு அந்த அமைப்பே தரும் பயிற்சித் தேர்வுகள். இவை எண்ணிக்கையில் குறைவு. தயவுசெய்து இவற்றைத் துண்டு துண்டாக வெட்டி வீட்டுப்பாடமாகக் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். பார்க்காத முழுத் தாள் ஒன்று கையில் இருப்பது பெரிய சொத்து. முழுசாக உட்கார்ந்து எழுதும் நாளுக்கென்று எடுத்து வையுங்கள். அத்தியாயப் பயிற்சிக்கு நாம் தயாரிக்கும் கேள்விகள் போதும்.

எத்தனை முழுத் தேர்வு வைப்பது? இதில் மையத்துக்கு மையம் போட்டியே நடக்கிறது. கடைசி மாதத்தில் தினம் ஒரு முழுத் தேர்வு என்று அறிவிப்பதைப் பார்க்கிறேன். தினமும் எழுதும் பிள்ளைக்கு முந்தைய தாளைத் திரும்பிப் பார்க்க நேரம் இல்லை. நான்காம் நாள் எழுதுவது போலத் தெரியும், எழுதியிருக்காது. நான் இப்போது செய்வது இதுதான்: தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒன்றரை மணி நேரத்தில் தொடங்குகிறேன். இரண்டு வாரம் கழித்து இரண்டேகால் மணி. அப்புறம் முழு நேரம், வாரத்துக்கு ஒன்று, உண்மைத் தேர்வு நடக்கும் அதே வேளையில். கடைசி ஐந்தாறு வாரத்தில் எப்போதாவது வாரத்துக்கு இரண்டு. கடைசி முழுத் தேர்வுக்கும் உண்மைத் தேர்வுக்கும் இடையே நான்கைந்து நாள் விட்டுவிடுகிறேன். இது சட்டம் இல்லை. என் பிள்ளைகளுக்கு ஒத்து வந்தது, அவ்வளவுதான். ஆனால் எழுதிய தாளைத் திரும்பிப் பார்க்க ஒரு முழு நாள் ஒதுக்காமல் அடுத்த தாளைக் கொடுப்பதில்லை என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

களைப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது என் எண்ணத்தையே மாற்றியது. 2009-இல் பிலிப் அக்கர்மன், ரூத் கான்ஃபர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 239 கல்லூரி முதலாண்டு மாணவர்களை மூன்றரை, நாலரை, ஐந்தரை மணி நேரம் என்று மூன்று நீளங்களில் சாட் வகைத் தேர்வை எழுத வைத்தார்கள். தேர்வு நீள நீளக் களைப்பாக இருக்கிறது என்று மாணவர்கள் சொன்னது கூடிக்கொண்டே போனது. ஆனால் சராசரி மதிப்பெண் விழவில்லை. நீளமான தேர்வுகளில் சற்று உயர்ந்தே இருந்தது. முதலில் படித்தபோது எனக்கு இது ஒப்பவில்லை. என் மாணவியின் நான்காவது பங்கு கண் முன்னால் நின்றது. பிறகு யோசித்தேன். களைப்பாக உணர்வது வேறு, மூளை ஓடாமல் நின்றுபோவது வேறு. களைப்பு வந்தவுடன் "போச்சு, இனி ஒன்றும் வராது" என்று முடிவு கட்டிக்கொள்ளும் பிள்ளைதான் அவசர அவசரமாக நிரப்பிவிட்டுப் பேனாவை மூடுகிறது. அந்த இடத்தை ஏழெட்டு முறை கடந்து வந்த பிள்ளைக்கு, களைப்பு வரும், வந்தாலும் எழுதலாம் என்பது தெரியும். முழுநீள மாதிரித் தேர்வு தரும் பெரிய பலன் அதுவே என்று இப்போது நினைக்கிறேன்.

2016-இல் டென்மார்க்கின் பள்ளிப் பிள்ளைகளுடைய தேசியத் தேர்வு முடிவுகளை வைத்து இன்னோர் ஆய்வு வந்தது. நாளில் நேரம் தள்ளிப்போகப் போக மதிப்பெண் சிறிதளவு குறைந்தது. இருபது முப்பது நிமிட இடைவேளைக்குப் பிறகு உயர்ந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனாலும், எம்கேட் போன்ற தேர்வில் இடைவேளையை "எனக்குத் தேவையில்லை" என்று தவிர்த்துவிடும் பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்வதுண்டு. மாதிரித் தேர்விலும் அந்த 10, 30, 10 நிமிடங்களை அப்படியே கொடுங்கள். எழுந்து நடக்கட்டும், கொஞ்சம் சாப்பிடட்டும், எழுதிய கேள்விகளைப் பற்றிப் பேசாமல் திரும்பி வரட்டும். கைபேசியைத் திறக்காமல் அரை மணி நேரம் இருப்பதைக்கூடப் பழக்க வேண்டியிருக்கிறது.

கடைசி முக்கால் மணி நேரத்தில் என்ன செய்வது என்று நாம் பாடமாகவே நடத்தலாம். எங்கே களைப்பு வரும் என்று பிள்ளைக்கே தெரிய வையுங்கள். 90-ஆவது கேள்வி, 135-ஆவது கேள்வி என்று இரண்டு இடம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே வந்ததும் பேனாவைக் கீழே வைத்து, கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, இருபது விநாடி சும்மா இருக்கட்டும். இருபது விநாடியில் உலகம் முழுகிவிடாது. ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்தின் வட்டங்களை நிரப்பிவிட வேண்டும், எல்லாவற்றையும் கடைசிக்குச் சேர்க்கக் கூடாது. எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்று இரண்டு மூன்று மாதிரித் தேர்வில் மாற்றி மாற்றிப் பார்த்து, பிறகு ஒன்றில் நின்றுவிட வேண்டும். நீளமாகக் கணக்குப் போடும் பாடத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு தவிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர்.

திருத்தும்போது மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். தவறான ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் அது ஏன் தவறானது என்று பிள்ளையே எழுதட்டும்: தெரியாது, தெரிந்தும் தவறியது, கேள்வியையே சரியாகப் படிக்கவில்லை. அதோடு, தேர்வின் எந்த நேரத்தில் அதை எழுதினோம் என்பதையும். பாடம் தெரியாதவருக்குப் பாடம் வேண்டும். நான்காவது பங்கில் மட்டும் தவறுகிறவருக்கு இன்னும் பாடம் ஏற்றுவது, களைத்து நிற்பவன் தலையில் இன்னொரு மூட்டையை வைப்பது போல.

அப்புறம், ரேங்க் பட்டியல். தேர்வு முடிந்த மாலையே சுவரில் ஒட்டிவிடுகிறோம். பட்டியலுக்குப் பயந்த பிள்ளை அடுத்த முழுத் தேர்வன்று வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துவிடுகிறது, இல்லையென்றால் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கிறது. பழகுவதற்கென்று வைத்த தேர்வே பழக விடாமல் செய்தால் அதை வைத்து என்ன பயன்? ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக, போன முறை உன் கடைசிப் பங்கில் இத்தனை தவறு, இந்த முறை இத்தனை என்று சொல்லுங்கள். அந்த எண் குறைவதைப் பார்த்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாம் யாருமே நினைத்துப் பேசாத மாணவர் கூட்டம் ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு நீட் போன்ற மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அது அவர்களின் உரிமை. ஆனால் நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுத அவர்களுக்கு நாம் எப்போதாவது வாய்ப்புக் கொடுத்திருக்கிறோமா? மற்றவர்கள் எழுந்து போகும் சத்தத்துக்கு நடுவே இன்னும் ஒரு மணி நேரம் கவனம் சிதறாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். மாதிரித் தேர்வில் மூன்றாம் மணி முடிந்ததும் அவர்களிடமும் தாளை வாங்கிவிடுகிறோம், அறையைப் பூட்ட வேண்டும் என்று. சொல்வதை எழுதுபவரின் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு அதுவும் பழக வேண்டிய ஒன்று. இன்னொருவர் கையால் எழுதும் வேகம் வேறு. இவர்களுக்காக ஒருவர் கூடுதலாக ஒரு மணி நேரம் அறையில் இருந்தால் போதும்.

அந்த மாணவி அதற்குப் பிறகு எட்டு முழுத் தேர்வுகள் எழுதினாள், எல்லாம் மதியம் 2 மணிக்கு. முதல் மூன்றில் கடைசிப் பங்கு அப்படியேதான் இருந்தது. ஐந்தாவதில் கொஞ்சம் குறைந்தது. ஏழாவதில் நேரம் முடிவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்து எழுத ஆரம்பித்தாள். நான் அறையின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த மாதிரித் தேர்வுக்கு நாள் குறிக்கும்போது உண்மைத் தேர்வு எந்த நேரத்தில் நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் குறியுங்கள். மதியத்தில் கண்காணிப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் தடை என்றால், சொல்லியனுப்புங்கள், நான் வருகிறேன். நான்காவது மணிக்கும் இருக்கிறேன்.

அன்புடன்,
தேர்வு அறையில் நிற்கும் ஓர் ஆசிரியர்